பொலிவியாவின் ‘மரணச் சாலை’: பள்ளத்தை ஒட்டி மிதிவண்டிகள் இறங்குவது ஏன்?

பொலிவியாவின் லா பாஸ் நகரைக் கொரோய்கோவுடன் இணைக்கும் வடக்கு யுங்காஸ் மலைப்பாதை ‘மரணச் சாலை’ என அழைக்கப்படுகிறது. பல இடங்களில் இதன் அகலம் சுமார் 3 மீட்டர் மட்டுமே. 1983-ஆம் ஆண்டு பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மாற்றுச் சாலை பயன்பாட்டுக்கு வந்தபின் இங்கு வாகனங்கள் பெருமளவு குறைந்தன. தற்போது வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 4,650 மீட்டர் உயரத்திலுள்ள லா கும்ப்ரே கணவாயிலிருந்து மலை மிதிவண்டிகளில் இறங்குகின்றனர்.

பொலிவியாவில் வலதுபுறம் செல்வதே விதி. இச்சாலையிலோ இடதுபுறம் செல்ல வேண்டும். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் உள்ளதால், இறங்கும் வாகனத்தின் சக்கரம் விளிம்பில் எங்குள்ளது என்பதை அவர் நேரில் காண இயலும் என்பதே காரணம். மிதிவண்டிகளுக்கும் இதே விதி பொருந்துவதால், இறங்குவோர் தடுப்புச் சுவரற்ற பள்ளத்தை ஒட்டியே செல்கின்றனர். சரளைக் கற்கள் நிறைந்த வளைவுகளில் வேகத்தைக் குறைப்பதே அவர்களுக்கு முதன்மையான பாதுகாப்பாகும்.