தேயிலைக்குத் தூவும் கடல்

கண்டிப் பக்கத் தோட்டங்களில் கவாத்துக் காலம் நெருங்கினால் டொலமைட் மூட்டைகள் மலையேறும். மண்ணின் புளிப்பைத் தணிக்கச் செடிகளுக்கிடையே தூவுகிற அந்த வெள்ளைத் தூள், திகனை, மாத்தளை போன்ற இடங்களில் கல் உடைத்து அரைத்தது. ஒரு சிட்டிகை எடுத்துத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். மெல்ல நுரைக்கும். வெளியேறும் காபனீரொட்சைட்டு, ஒரு காலத்தில் கடல்நீரில் கரைந்திருந்தது.

அந்தக் கடலில் சிப்பியோ சங்கோ கிடையாது. அவை தோன்றுவதற்கு வெகுகாலம் முந்திய கடல் அது. போதாததற்கு, அதன் அடியில் படிந்ததெல்லாம் பின்னர் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஆழத்துக்கு அமுங்கி, 800 பாகைக்கு மேல் வெந்தது. சுண்ணக்கல் சலவைக்கல்லானது, மணல் குவாட்சைற்றானது, சேறு சிவப்புக் கார்னற் மணிகள் பதிந்த பாறையானது. உருவம் போய்விட்டது, சேர்மானம் மட்டும் மிஞ்சியது. மணல், சேறு, சுண்ணம் மூன்றும் பட்டை பட்டையாக அடுத்தடுத்துக் கிடப்பதைக் கண்டுதான், இங்கே கடற்படுகை இருந்தது என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி சிர்க்கன் என்ற கனிமம். குவாட்சைற்றைப் பொடித்தால் மணலோடு மணலாக வந்த சிர்க்கன் மணிகள் கிடைக்கும். உள்ளே இருக்கும் யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். நடுப்பகுதி 200 முதல் 320 கோடி ஆண்டு காட்டுகிறது: மணலைக் கொடுத்த பழைய கண்டத்தின் வயது. வெந்தபோது மேலே வளர்ந்த விளிம்பு 61 முதல் 55 கோடி ஆண்டு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு மணியில் இரண்டு தேதிகள்!

கடல் மட்டுமல்ல, எரிமலைகளும் இங்கே இருந்தன. அவற்றைத் தேடக் கடுகண்ணாவைக்குப் போகவேண்டும். பழைய கொழும்பு வீதி பாறையைக் குடைந்து சென்ற அந்தக் கணவாயின் பெயரையே, கண்டியைச் சுற்றியுள்ள கரும்பட்டைப் பாறைத் தொகுதிக்கும் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி 100 கோடி ஆண்டளவில் உருகி உறைந்தது. அதன் வேதியியல், இன்று யப்பானிலும் அந்தீஸிலும் கக்கும் குழம்பை ஒத்திருக்கிறது. கடல்தட்டு ஒன்று இன்னொரு தட்டின் கீழ் அமிழும்போது அதிலுள்ள நீர் கசிந்து மேலேறி, அங்குள்ள சூடான பாறையை இளக்கி உருக்குகிறது. அப்படிப் பிறப்பது இந்தக் குழம்பு. கூம்பெல்லாம் அரித்துப் போக, நாம் காண்பது எரிமலைகளின் வேர். தட்டு எந்தப் பக்கமாக அமிழ்ந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

கலையறிஞராக நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி 1902இல் ஆராய்ந்து எழுதியது இலங்கையின் இந்தச் சுண்ணக்கற்களைப் பற்றித்தான். கண்டங்கள் நகரும் என்பதை அறிவுலகம் ஏற்க இன்னும் 60 ஆண்டு இருந்தது.

தட்டு அமிழ்ந்து மறைந்த கடலுக்கு மொசாம்பிக் சமுத்திரம் என்று பெயர். அது மூடியபோதுதான் ஆபிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை எல்லாம் கொண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் ஒட்டின. அந்தத் தையல் பாலக்காடு, காவிரி வழியாகவும் ஓடுவதாகப் பலர் கருதுகிறார்கள். காவிரிக்கரை மணமேட்டில், அமிழத் தப்பிய கடல்தட்டின் துண்டுகளையே அடையாளம் கண்டிருக்கிறார்கள்.