மூக்குக் கண்ணாடிக்கு முழுக்கா? கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஆபரேஷன்!

சென்னை:

சாயந்திரம் ஆறு மணி. கடற்கரை ஸ்டேஷனில் தாம்பரம் ரெயில் புறப்படத் தயார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிரிக்கிறார் ஒரு குமாஸ்தா. முகத்துக்கு நேரே பிடிக்கிறார். எழுத்து கலங்குகிறது. கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறார். அப்புறம் கையை முழுசாக நீட்டுகிறார். எதிர் சீட்டுக்காரர் மூக்கில் பேப்பர் இடிக்கிறது!

இவருக்கு என்ன வயது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நாற்பது தாண்டிவிட்டது.

இதற்குப் பழைய பெயர் வெள்ளெழுத்து. சாளேஸ்வரம் என்றும் சொல்வார்கள். பரிகாரமும் பழசுதான். மூக்குக் கண்ணாடி. பாரிமுனை நடைபாதையில் நூறு, இருநூறு ரூபாய்க்கே கிடைக்கும்.

ஆனால் கடை வீதியிலும் ஆபீஸ் கேன்டீனிலும் இப்போது அடிபடும் பேச்சு வேறு. "கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வெச்சுடறாங்களாம். அப்புறம் ஆயுசுக்கும் கண்ணாடியே வேணாமாம்!"

நிஜம்தானா? பாதி நிஜம். மீதிப் பாதியைக் கேட்காமல் மேஜையில் போய்ப் படுத்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் சொந்த லென்சை எடுத்த பிறகு, "வேண்டாம், பழசையே திருப்பி வையுங்க" என்று கேட்க வழியில்லை.

பருப்பு போல ஒரு லென்ஸ்

கண்பாப்பாவுக்குப் பின்னால், மெல்லிய பை ஒன்றுக்குள், மைசூர்ப் பருப்பு வடிவில் உட்கார்ந்திருக்கிறது இயற்கை லென்ஸ். சின்ன வயதில் அது நன்றாக வளையும். கிட்டே பார்த்தால் உப்பும். தூரத்தில் பார்த்தால் தட்டையாகும். பத்து வயதுப் பையன் ஏழெட்டு சென்டிமீட்டரில் பிடித்தால்கூட எழுத்தைப் படித்துவிடுவான்.

வயது ஏற ஏற அது இறுகுகிறது. நாற்பதுக்கு மேல் ஊசியில் நூல் கோக்கும்போது தெரிய வரும். அறுபதை நெருங்கும்போது வளைகிற சக்தி அநேகமாக நின்றே போகிறது. இது நோய் அல்ல. பணக்காரன், ஏழை எல்லாருக்கும் உண்டு. கிட்டப்பார்வைக்காரர்கள் மட்டும் இருக்கிற கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார்கள்.

இதே லென்ஸ் பின்னால் கலங்கிப் போனால் அதற்குப் பெயர் புரை. புரைக்குச் செய்யும் அதே ஆபரேஷனை, புரை வராத தெளிவான கண்ணுக்கே செய்வதுதான் இந்தப் புது விஷயம்.

இருபது நிமிஷ வேலை

சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரக்கச் செய்கிறார்கள். கருவிழி ஓரத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு கீறல். அதன் வழியே மெல்லிய கருவி ஒன்று உள்ளே போய், லென்சைப் பொடியாக்கி உறிஞ்சி எடுக்கிறது. காலியான பைக்குள் சுருட்டிய செயற்கை லென்சை விடுகிறார்கள். அது உள்ளே விரிந்துகொள்கிறது. பதினைந்து, இருபது நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போகலாம். மறு கண் பெரும்பாலும் இன்னொரு நாள்.

ஊரே இதை "லேசர் ஆபரேஷன்" என்கிறது. பெரும்பாலும் லேசர் இல்லை. பொடியாக்குவது காதுக்குக் கேட்காத ஒலி அலை. அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் கெல்மன், பல் டாக்டரின் கருவியைப் பார்த்து உண்டாக்கிய முறை. 1967-ல் முதலில் செய்தார்.

லென்ஸ் வைக்கும் யோசனை அதற்கும் முந்தியது. இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டு உடைந்து, பிளாஸ்டிக் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தன. சில கண்களில் அந்தத் துண்டுகள் எந்தத் தொந்தரவும் செய்யாமல் கிடந்ததை லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். அதே ரகப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29-ந் தேதி செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார். லென்ஸ் நன்றாக உட்கார்ந்தது. ஆனால் பவர் கணக்கு தப்பிவிட்டது! அந்தப் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது.

கணக்கு இன்றைக்கும் முக்கியம். கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், பவர் ஏறக்குறைய இரண்டரை, மூன்று வரை மாறிவிடும். இப்போது ஒளியால் அளக்கும் மெஷின்கள் இருப்பதால் தவறு குறைவு. ஏற்கனவே லேசரில் கருவிழியைச் சரிசெய்துகொண்டவர்களுக்குக் கணக்கு சிரமம். அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கத்தில் லென்ஸ் வருவதற்கு முன்பு, புரை எடுத்தவர்களை சோடா புட்டிக் கண்ணாடியை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். வெளிநாட்டு லென்ஸ் விலை அதிகம். 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் ஆரோலேப் மலிவாக லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. அதன் பிறகுதான் சாதாரண ஜனங்களுக்கும் லென்ஸ் கைக்கு எட்டியது.

ராத்திரி வெளிச்ச வளையம்

இனி அந்த மீதிப் பாதி.

செயற்கை லென்ஸ் வளையாது. சாதா லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான். தூரத்துக்கு வைத்தால் பஸ் நம்பர் பளிச்சென்று தெரியும். பேப்பர் படிக்க? மறுபடியும் கண்ணாடிதான்!

கண்ணாடியே வேண்டாம் என்றால் வேறு ரகம் வேண்டும். 'மல்டிபோக்கல்', 'டிரைபோக்கல்' என்று விளம்பரம் செய்வார்கள். வருகிற வெளிச்சத்தைப் பங்கு போட்டு, தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம் என்று கொடுக்கும் லென்ஸ் இது. பலர் கண்ணாடி இல்லாமலே காலம் தள்ளுகிறார்கள், சந்தோஷமாகவும் இருக்கிறார்கள். ஆனால் பங்கு போட்டால் குறையத்தானே செய்யும்? மங்கலான வெளிச்சத்தில் பார்வையின் தெளிவு கொஞ்சம் இறங்கும். ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பலருக்குச் சில மாதத்தில் பழகிவிடுகிறது. சிலருக்குப் பழகுவதே இல்லை.

ஆகவே பிழைப்பு என்ன என்பதுதான் முதல் கேள்வி. பகலில் கல்லாவில் உட்கார்ந்து பில் போடும் ஜவுளிக்கடைக்காரருக்கு இந்த வளையம் பெரிய விஷயமாக இருக்காது. ராத்திரி முழுக்க ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிர் விளக்கைப் பார்த்து லாரி ஓட்டுகிறவருக்கு? அவர் நன்றாக யோசிக்க வேண்டும். விழித்திரை கெட்ட சர்க்கரை நோயாளிகள், கண் நீர் அழுத்தம் முற்றியவர்களுக்கு இந்த ரகமே பொதுவாகச் சிபாரிசு செய்யப்படுவதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்குமாக வைப்பது. இதில் ஒரு சவுகரியம், காண்டாக்ட் லென்ஸ் போட்டு முன்கூட்டியே சில நாள் ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். தலை சுற்றினால் அதோடு விட்டுவிடலாம்.

வயதையும் பார்க்க வேண்டும். 42 வயதுக்காரருடைய லென்சில் வளைகிற சக்தி இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும். ஆபரேஷன் அதையும் கொண்டுபோய்விடும்.

ஆபத்து?

குறைவு. ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. உள்ளே கிருமி போய்ச் சீழ் பிடித்தால் பார்வையே போகலாம். விழித்திரை கிழிந்து விலகுவதும் உண்டு. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் வயது குறைந்தவர்களுக்கும் இது சற்று அதிகம். ஆபரேஷனுக்குப் பிறகு வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, மின்னல் வெட்டுவது போலவோ, ஓரத்தில் திரை விழுவது போலவோ தெரிந்தாலோ, "காலையில் பார்த்துக்கலாம்" என்று படுக்கக் கூடாது. உடனே ஓட வேண்டும்.

சில மாதமோ வருஷமோ கழித்து லென்ஸ் இருக்கும் பை மங்கலாகலாம். அதைச் சரிசெய்யும் சில நிமிஷ வேலைக்குத்தான் நிஜமாகவே லேசர்!

செலவு யார் தலையில்?

உசத்தி ரக லென்ஸ் என்றால் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து லட்ச ரூபாயைத் தாண்டுவது சகஜம். "இன்ஷ்யூரன்சில் பார்த்துக்கலாம்" என்று நம்பிப் போகிறவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. பவர் 7.5-க்குக் குறைந்தால் பார்வைக் குறைபாட்டைத் திருத்தும் செலவு கிடையாது என்று பாலிசிகளில் ஒரு விதி உண்டு. சாளேஸ்வரக்காரர்கள் பெரும்பாலும் அதில் அடிபட்டுப் போவார்கள். புரை என்றால்தான் பணம் வரும். அதிலும் காத்திருப்புக் காலம், உச்சவரம்பு எல்லாம் இருக்கும்.

கண்ணாடிக்கு முழுக்கு என்ற பேச்சுக்கு ஜனங்கள் எவ்வளவு சீக்கிரம் மயங்குகிறார்கள் என்பது 2024-ல் தெரிந்தது. சொட்டு மருந்து விட்டாலே படிக்கும் கண்ணாடி வேண்டாம் என்று ஒரு மருந்து பற்றி நாடு முழுக்கப் பரபரப்பு. ஆகஸ்டில் அனுமதி, செப்டம்பரில் அதே அனுமதி நிறுத்திவைப்பு! அனுமதித்ததற்கு மேல் பிரசாரம் செய்ததுதான் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சொன்ன காரணம்.

டாக்டரிடம் போகிறவர்கள் "எப்போ செய்யலாம்?" என்று ஆரம்பிக்காமல், "எனக்குப் புரை இருக்கா, இல்லையா?" என்று ஆரம்பிப்பது நல்லது. ஐம்பத்தைந்து வயதில் புரை லேசாக ஆரம்பித்திருந்தால் கதையே வேறு. எப்படியும் ஒருநாள் எடுக்க வேண்டிய லென்ஸ் அது. என்ன ரகம் வைக்கலாம் என்று அப்போது பேசிக்கொள்ளலாம்.

கையில் காசு இல்லாதவர்களுக்கு 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. புரை வந்தவர்களுக்கு அங்கே ஆபரேஷனும் லென்சும் இலவசம். அங்கே வைப்பது பொதுவாகத் தூரப் பார்வைக்கான சாதா லென்ஸ். புண் ஆறிய பிறகு வரச் சொல்லி, பேப்பர் படிக்க ஒரு கண்ணாடியும் எழுதித் தருவார்கள்.