பின்னே வரும் பாரத்துக்கும் ஒரு பிரேக்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளில், ஒரு பிக்கப் டிரக் தன் பின்னால் சிறு வீடு போன்ற வண்டியையோ, படகையோ, குதிரைகள் நிற்கும் கூண்டையோ இழுத்துச் செல்வது அன்றாடக் காட்சி. எத்தனை ஆயிரம் பவுண்டு எடையை இழுக்கவல்லது என்பதை அந்நாட்டு டிரக் விளம்பரங்கள் பெருமையோடு பேசும். ஆனால் இழுத்துக்கொண்டு போனதை நிறுத்துவதே இழுப்பதைவிடப் பெரிய பொறுப்பு. அந்தப் பொறுப்பில் பாதியை ஏற்றுக்கொள்வது, ஓட்டுபவரின் கைக்கெட்டும் இடத்தில் பொருத்தப்படும் ‘டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலர்’ என்னும் சிறு பெட்டியாகும். ஸ்பானரையும் திருப்புளியையும் கையாளப் பழகிய ஒருவர் இதைத் தம் வீட்டு வாசலிலேயே பொருத்திவிட முடியும் என்றாலும், அது ஏன் வேண்டும், எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

மேட்டிலிருந்து இறங்கும் பாரவண்டி நுகத்தை மாடுகளின் கழுத்தின்மேல் நெருக்கித் தள்ளுவதைக் கண்டவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. டிரக் மட்டும் பிரேக் பிடித்து, பின்னால் வரும் டிரெய்லருக்குப் பிரேக் இல்லாமற்போனால், அந்தப் பாரம் முழுவதும் முன்வண்டியைத் தள்ளும். நிற்பதற்கு வேண்டிய தூரம் நீளும். டிரக்கின் பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். வளைவிலோ மழை பெய்த சாலையிலோ என்றால், இரு வண்டிகளும் இணைப்பிடத்தில் மடிந்து ஒன்றோடொன்று மோதிக்கொள்ளவும் கூடும். ஆதலால்தான் அந்நாட்டு மாநிலங்கள் பலவற்றில் 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ எடைக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருக்க வேண்டுமென்று சட்டம் விதிக்கிறது. சில மாநிலங்களில் அந்த வரம்பு இன்னும் குறைவு.

அத்தகைய டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது மின்சாரப் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்பு டிரம்மின் உட்புறத்தில், ஒரு நெம்புகோலின் நுனியில் மின்காந்தம் ஒன்று அமைந்திருக்கிறது. மின்சாரம் பாய்ந்தவுடன் அது காந்த சக்தி பெற்று, சுழலும் டிரம்மின் முகத்தைப் பற்றிக்கொண்டு அதனோடு சிறிது இழுபட, நெம்புகோல் அசைந்து பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மின்மேல் அழுத்துகிறது. சக்கரத்தை நிறுத்தும் பலம் சக்கரத்தின் சுழற்சியிலிருந்தே கிடைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் விசேஷம். அதனால் 10 அல்லது 12 அங்குல டிரம்மிலுள்ள காந்தத்துக்கு 3 முதல் 4 ஆம்பியர் மின்சாரமே போதுமானதாகிறது. மின்சாரம் கூடினால் பிடிப்பும் கூடும். அதன் அளவை நிர்ணயிப்பதே கண்ட்ரோலரின் கடமை.

கண்ட்ரோலர்கள் இருவகை. விலை குறைந்த முதல் வகை, பெடலை மெல்ல மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும் வேறுபாடு பாராமல், முன்கூட்டி வைத்த அளவுக்கு மின்சாரத்தைப் படிப்படியாக உயர்த்தும். இரண்டாம் வகையோ, வண்டியின் வேகம் எவ்வளவு துரிதமாகக் குறைகிறது என்பதைத் தன்னுள் இருக்கும் உணர்கருவியால் அறிந்து, அதற்கேற்ற விகிதத்தில் டிரெய்லருக்கு மின்சாரம் அனுப்பும். வசதியுள்ளவர்கள் இரண்டாவதையே வாங்குவது உத்தமம்.

ஃபோர்டு கம்பெனி 2005ஆம் ஆண்டின் சூப்பர் டூட்டி டிரக்கில் கண்ட்ரோலரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரத் தொடங்கியது. அவ்வசதி இல்லாத புதிய டிரக்குகள் பலவற்றிலும், டாஷ்போர்டின் அடியில் அதற்கென ஒரு சாக்கெட் தயாராக இருக்கும். அந்த மாடலுக்குரிய இணைப்பு வயரை வாங்கிச் செருகிவிட்டால் வேலை முடிந்தது. சாக்கெட் இல்லாத வண்டியில்தான் நான்கு வயர்களையும் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டிவரும்.

தொடங்குமுன் பாட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கண்ட்ரோலரின் கறுப்பு வயர் சர்க்யூட் பிரேக்கர் வழியாகப் பாட்டரியின் பிளஸ் முனைக்கும், வெள்ளை வயர் மைனஸ் முனைக்கும், நீல வயர் வண்டியின் பின்புறத்திலுள்ள ஏழுமுனைச் சாக்கெட்டின் பிரேக் முனைக்கும் செல்வது வழக்கம். இரண்டு அல்லது நான்கு பிரேக்குகள் உள்ள டிரெய்லருக்கு 20 ஆம்பியர், ஆறு பிரேக்குகளுக்கு 30 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் பொருத்தம். அதைப் பாட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். இம்மூன்று வயர்களும் 10 அல்லது 12 கேஜ் பருமன் உள்ளவையாக இருத்தல் நலம். மெல்லிய வயரில் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்து, பிரேக் பலவீனமாகிவிடும். இன்ஜின் பகுதியிலிருந்து உள்ளே வரும் வயர், தகட்டின் விளிம்பில் உராய்ந்து அறுந்துபோகாதபடி ரப்பர் வளையத்தின் ஊடே நுழைந்து வர வேண்டும்.

நான்காவதான சிவப்பு வயர்தான் அதிக ஜாக்கிரதையைக் கோருவது. பிரேக் பெடலின் மேலுள்ள ஸ்விட்சில் ஒரு வயரில் எந்நேரமும் மின்சாரம் இருக்கும். மற்றொன்றில் பெடலை மிதிக்கும்போது மட்டுமே வரும். சிவப்பு வயரைச் சேர்க்க வேண்டியது இரண்டாவதோடு. மாற்றிச் சேர்த்தால், பெடலை மிதித்தேயிருப்பதாகக் கண்ட்ரோலர் ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். இணைக்குமுன் பாட்டரியை மீண்டும் சேர்த்து டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்து, நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு மறுபடி கழற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். வயர்களின் நிறம் வண்டிக்கு வண்டி மாறுமாதலால், நிறத்தை நம்பாமல் கையேட்டையும் சோதனையையும் நம்புவதே விவேகம். பெட்டியைப் பொறுத்தவரை, அது அசையாத தகட்டில், வண்டி செல்லும் திசைக்கு நேராக, முழங்காலிலோ ஏர்பேக் விரியும் வழியிலோ குறுக்கிடாமல் அமைய வேண்டும்.

வயர்களை இணைப்பதோடு கடமை தீர்ந்தது என்று நினைப்பது பெரும்பிழை. டிரெய்லரில் வழக்கமான சாமான்களை ஏற்றி, ஈரமற்ற சமதளச் சாலையில் மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்குவதற்கெனப் பெட்டியிலுள்ள கைப்பிடியை முழுவதும் அழுத்திப் பார்க்க வேண்டும். டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்கினால் அளவைக் குறைக்க வேண்டும். மந்தமாக இழுத்தால் கூட்ட வேண்டும். பூட்டிக்கொள்வதற்குச் சற்றே கீழான நிலைதான் சரியானது. பாரம் இறங்கியபின் அதே அளவை வைத்துக்கொண்டு போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மழையிலும் சரளைச் சாலையிலும் அப்படியே.

அந்தக் கைப்பிடிக்கு வேறோர் உபயோகமும் உண்டு. காற்றினாலோ, பாரம் பின்பக்கம் மிகுந்ததாலோ டிரெய்லர் இருபுறமும் அலையத் தொடங்கினால், கால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கைப்பிடியை மெல்ல அழுத்தினால், டிரெய்லர் பின்னோக்கி இழுபட்டு நேராகும். இணைப்பே அறுந்துபோகும் விபத்துக்குக் கண்ட்ரோலர் உதவாது; அதற்கென டிரெய்லரில் தனிப் பாட்டரியும், டிரக்கோடு கம்பியால் பிணைத்த ஸ்விட்சும் உள்ளன. கம்பி இழுபட்டு அந்த ஸ்விட்சின் ஊசி கழன்றதும் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்; வணிகப் போக்குவரத்தில் அது குறைந்தது 15 நிமிஷம் விடாமல் பிடித்திருக்க வேண்டுமென்பது அந்நாட்டுக் கூட்டரசின் விதி.

வயர்களை இணைப்பது ஒருநாள் வேலை. அளவைச் சரிபார்ப்பதோ ஒவ்வொரு பிரயாணத்திலும் செய்ய வேண்டிய வேலை. புறப்படும்போதெல்லாம், வாசலை விட்டு வேகமெடுக்குமுன் ஒருமுறை கைப்பிடியை அழுத்தி, பின்வண்டி இழுத்துப் பிடிப்பதை உணர்ந்த பின்னரே நெடுஞ்சாலையில் ஏறுங்கள்.