உஷார்! அந்த வெள்ளைப் புழுவை நசுக்காதீர்கள்

வெயில் ஏற ஏற மதுரை மொட்டைமாடிகளில் செம்பருத்திக்கும் பப்பாளிக்கும் மாவுப்பூச்சி பிடிக்கும். மொட்டுக் காம்பில் கோலமாவு கொட்டினாற்போல் வெள்ளை, தொட்டால் பிசுபிசுப்பு, கீழ் இலைகளில் கரும்பூசணம். பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

போன சித்திரையில் ஈர்க்குச்சியால் ஏழெட்டை நசுக்கித் தள்ளிய பிறகுதான் எனக்கே உறைத்தது. மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், கிடந்த இடத்திலேயே கிடக்கும். இதுவோ அதைப்போல மூன்று மடங்கு நீளம், உடம்பெல்லாம் வெள்ளைக் குஞ்சம், விறுவிறுவென ஓடுகிறது! அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிதான் அதன் சாப்பாடு. திருடர் கூட்டத்தில் மஃப்டியில் நுழைந்த போலீஸ்காரரை நானே அடித்துக் கொன்றிருக்கிறேன். 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்த வண்டு இது.

மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் காவல்காரர்கள்தான். மாவுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை இருக்கிறது, தப்பித்துக்கொள்ளும். 2008-இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி என்று பரவியபோது விவசாயிகள் விதவிதமாக மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் அதை அடக்கியது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம், ரவையைவிடச் சின்னது, கொட்டாது.

அப்படியானால் வேடிக்கை பார்ப்பதா? இல்லை. ஓடும் புழு தென்பட்டால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். மற்ற கிளைகளில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும். மிச்சத்தைப் பழைய பல் பிரஷால் தேய்த்து எடுக்கலாம். அப்புறமும் அடங்காவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு மில்லி காதி சோப்புக் கரைசல். மாலையில், பூச்சி உள்ள இடத்தில் மட்டும். மதுரை உச்சிவெயிலில் எண்ணெய் அடித்தால் பூச்சிக்கு முன் இலை கருகிவிடும். தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறதா என்றும் பாருங்கள். தேன்போல் கசிவதை நக்குவதற்காக எறும்பே மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். அந்த வழியை அடைக்காமல் வேறெது செய்தாலும் வீண்.

இயற்கை என்ற பெயரில் புகையிலையைக் கொதிக்கவைத்துத் தெளிப்பவர்களும் உஷார்! அதிலுள்ள நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம். அதைவிட மோசம், லேபிள் இல்லாமல் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றித் தரும் சில்லறை மருந்து. உள்ளே இருப்பது மோனோகுரோட்டோபாஸாகக்கூட இருக்கலாம். காய்கறிக்கு அதை அடிக்கவே கூடாதென்று 2005-லேயே தடை. மாடியில் கத்தரிக்காய் பக்கத்துத் தொட்டியில்தானே காய்க்கிறது? பாட்டிலைப் பார்த்து ஜூஸ் என்று பிள்ளைகள் எடுத்துவிட்டால்?