ஈரல் யாருக்கு?

தீபாவளியன்று பொழுது புலருமுன் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து முற்றத்திற்குச் சென்றால் ஓர் அரிய நீதிமன்றத்தைக் காணலாம். விரித்த வாழையிலைகளின் மேல் ஆட்டிறைச்சி கூறு கூறாக வைக்கப்பட்டிருக்கும். ஐந்தாறு குடும்பங்கள் பணம் சேர்த்து வாங்கிய ஆடு அது. ஒவ்வொரு கூற்றிலும் தொடையில் ஒரு துண்டு, நெஞ்செலும்பில் ஒரு துண்டு, கொழுப்பில் சிறிது. அவற்றின் மேல் விரலளவு ஈரல், கையகல நுரையீரல், ஒரு சாண் குடல். தராசு இல்லை, கண்ணே தராசு. ஈரல் ஒருவருக்குக் கூடி மற்றவருக்குக் குறைந்துவிட்டால் அந்தப் பேச்சு அடுத்த தீபாவளி வரையில் ஓயாது. ஆகவே கூறு போடுகிறவர் மருந்துக் கடைக்காரரைப் போல அதை நறுக்குவார். ரோதைமுனிக்கும் மதுரைவீரனுக்கும் வெட்டப்படும் கிடாயைப் பங்கிடும்போதும் இதே கவனந்தான். (பூரணை தினமான போயாவில் இந்நாட்டில் இறைச்சி விற்கத் தடையுண்டு. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் அந்தத் தடை குறுக்கிடுவதில்லை. நம் மக்களுக்கு வாய்த்த சிறு அதிர்ஷ்டங்களுள் இதுவும் ஒன்று!)

இந்த நியாயம் முற்றத்தோடு முடிந்துவிடுகிறதா, காம்பராவுக்குள்ளும் செல்கிறதா என்பதே எம் கேள்வி. அதற்கு விடை காணுமுன் அடுப்படி வரை சென்று வர வேண்டும். மலைநாட்டைப் பற்றி எழுதுவோர் கொழுந்துக் கூடையையும் பெரட்டுக் களத்தையும் எழுதிய அளவுக்கு அடுப்படியை எழுதவில்லை என்பது எம் நெடுநாட் குறை.

வெட்டுவது ஆண்; கழுவுவது பெண். இறைச்சியைக் கூறு போட்ட கைகள் ஓய்ந்த பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது. குடலும் இரைப்பையும் பீலிக்கரைக்குச் செல்லும். ஐப்பசி மழையில் பெருகிய பீலித் தண்ணீர் கையை மரத்துப்போகச் செய்யும். இரைப்பையைக் கீறி, உள்ளே கிடக்கும் அரைபட்ட புல்லை உதறி, நீர் தெளியும் வரை அலச வேண்டும். பின்னர் கொதிநீரில் முக்கியெடுத்து, உட்புறத்துக் கரும்படலத்தைக் கத்தியால் சுரண்ட வேண்டும். இங்கேதான் கைப்பழக்கம் தேவை. முக்கியது போதாவிட்டால் படலம் உரியாது. மிகுந்துவிட்டால் தசையோடு இறுகிக்கொண்டு கத்திக்கும் மசியாது. தேன்கூடு போன்ற பகுதியும், புத்தக ஏடுகளைப்போல் அடுக்கடுக்கான பகுதியும் மிகுந்த பொறுமையைக் கேட்பவை. அந்த ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தேய்த்தாலன்றி அழுக்குப் போகாது. குடலை மெல்லிய குச்சியால் உட்புறம் வெளியாகத் திருப்பி, உப்பும் மஞ்சளும் இட்டுப் பிசைந்து கழுவுவர். சுண்ணாம்பு தேய்ப்பாரும் உண்டு. அவர்கள் பின்னர் இருமடங்கு அலச வேண்டும்.

ஈரலில் அச்சம் வேறு வகையானது. அதனோடு ஒட்டியிருக்கும் பித்தப்பையில் கத்தி பட்டுவிட்டால் பச்சை நீர் பரவி, தொட்ட இடமெல்லாம் கசக்கும். அதனை முழுதாகக் கிள்ளியெடுத்த பின்னரே மேற்சவ்வை உரிப்பார்கள். வெண்புள்ளியோ கட்டியோ தென்பட்ட ஈரலை எறிந்துவிடுவதே முறை. அது விலங்கின் நோய்க்கு அடையாளமாக இருக்கக்கூடும்.

அடுப்பில் கவ்வாத்து மிலாறு எரியும். குடல் வேக நேரமாகும். அதிலும் மலையில் இன்னும் நேரமாகும். இதற்கு மிலாறைக் குறை சொல்வதுண்டு. உண்மைக் காரணம் உயரம். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் குறைவு; ஆதலால் தண்ணீர் 100 பாகைக்குக் காத்திராமல் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு விறகைத் திணித்தாலும் திறந்த சட்டியிலுள்ள நீரின் சூடு ஏறாது. கொழும்பில் வெந்த நேரத்தில் நுவரெலியாவில் குடல் வேகாததன் இரகசியம் இதுவே. சட்டிக்குக் கனமான மூடியிட்டு அதன்மேல் அம்மிக்குழவியை வைக்கும் பாட்டி பௌதிகம் படித்தவளல்லள்; ஆவியைச் சிறிதேனும் அடக்க வேண்டும் என்பதை மட்டும் அறிந்தவள்.

மிளகு, இஞ்சி, வெள்ளைப்பூடு, பெருஞ்சீரகம், வறுத்து அரைத்த மல்லி ஆகியவையே கூட்டு. குளிரில் ஆட்டுக்கொழுப்பு தட்டிலேயே உறைந்துவிடுமாதலால் குழம்பு கொதிக்கக் கொதிக்க இலைக்கு வர வேண்டும். தேங்காய் ரொட்டியைப் பிட்டு அதில் தோய்த்து உண்பார்கள். மாட்டின் இரைப்பைக்கு இந்நாட்டில் பாபத் என்று பெயர். ஒல்லாந்தர் காலத்தில் படைவீரராகவும் நாடு கடத்தப்பட்டவராகவும் வந்த மலாய் மக்களின் சொல் அது; இறைச்சிக் கடைகளில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வழங்குகிறார்கள். ஒரு சொல் இத்தனை எளிதாக இனவேலிகளைத் தாண்டியிருக்க, அதனை உண்பவரை இழிவாகப் பார்க்கும் பார்வை நம்மிடையே இன்னும் தாண்டவில்லை. குடல் தின்பவர் என்ற சொல்லில் சாதியின் நாற்றம் வீசுகிறது. பீலிக்கரையில் கழுவிய குடலில் அந்த நாற்றம் இல்லை. படித்து நகருக்குச் சென்ற பிள்ளைகள் சிலர் தாயின் குடற்குழம்பைப் பற்றி நண்பர்களிடம் வாய் திறப்பதில்லை என்பதையும் கண்டிருக்கிறோம்.

இனி, ஈரலுக்கு வருவோம். தோட்டத்துப் பெண்ணின் இரத்தம் குறைவது நேற்று இன்றைய செய்தியன்று. வெறுங்காலோடு மண்ணில் நடந்தவர்களின் குடலில் குடியேறி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவை ஒழிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் இலங்கையில் பணி தொடங்கியபோது முதலில் நாடியது தோட்டங்களையே. புழு குறைந்தது, சோகை முற்றும் போகவில்லை. தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது. உணவோடு ஒரு கோப்பைச் சாயத் தேநீர் குடிப்பவள் தன் கையால் கிள்ளிய கொழுந்தாலேயே தன் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறாள்! இறைச்சியிலுள்ள இரும்பை அந்தச் சாயம் அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆட்டின் தசையைக் காட்டிலும் ஈரலில் இரும்பு பன்மடங்கு. மண்ணீரலில் அதனினும் மிகுதி. தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் மண்ணீரலைச் சுவரொட்டி என்பர். இரத்தம் ஊற அதைச் சுட்டுக் கொடுப்பர். அவ்வூர்களிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களே தோட்ட மக்கள். கிழவிகளின் மருத்துவம் எல்லாம் மெய்யல்ல, இது மெய்.

மேலைநாட்டு மருத்துவம் இதைப் பின்னரே கண்டது. ஒருவகைக் கொடிய சோகைக்கு ஈரலே மருந்து என்று மினோட், மர்பி என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1926இல் காட்டினர். விப்பிளோடு அவர்களுக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், ஆலைத் தொழிலாளரான கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்து, ஈரலும் நொதியச் சாறும் அதைத் தீர்ப்பதைக் கண்டார். அதற்குக் காரணமான சத்து போலிக் அமிலம் எனப் பின்னர் அறியப்பட்டது. பம்பாய் ஆலைப் பெண்ணுக்கும் நம் மலைப் பெண்ணுக்கும் வேறுபாடு அதிகமில்லை. கருவுற்ற முதல் மாதங்களில் ஈரலை மிகுதியாக உண்ணலாகாது என்பதும் இன்றைய மருத்துவம். அதிலுள்ள உயிர்ச்சத்து ஏ அளவு மீறினால் கருவுக்குத் தீங்கு நேரலாம். அக்காலத்தில் சிகிச்சை நிலையத்து இரும்பு மாத்திரையே துணை. பிள்ளை பெற்றுத் தேறுகிறவளுக்கும், பருவமெய்திய பெண்ணுக்கும், மாதந்தோறும் இரத்தம் இழந்தும் மலையேறுகிறவளுக்கும் அந்தத் தடை இல்லை.

ஆனால் காம்பராவுக்குள் நடப்பதென்ன? ஈரல் முதலில் வேகும். மணம் எழும்போதே கணவனுக்கு ஒரு துண்டு. ஆண் பிள்ளைக்கு ஒரு துண்டு. விருந்தாளி வந்தால் அவருக்கு ஒன்று. பீலிக்கரையில் கை மரத்துப்போக நின்றவள் சட்டியின் அடியில் ரொட்டியைத் துடைத்து உண்கிறாள். எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்லோம். பல வீடுகளில் இப்படி என்பதை மறுப்பாரும் இரார். முற்றத்தில் விரலளவு ஈரலுக்காக வாதாடிய அதே ஆண்மகன், அடுப்படியில் அது யாருக்குப் போயிற்று என்று கேட்பதில்லை. ஒரு நாட் கூலியில் ஒரு கிலோ ஆட்டிறைச்சி வாங்க இயலாத வீட்டில், ஆண்டுக்கு இரண்டொரு தடவை வரும் ஈரலும் அவளைத் தாண்டிப் போய்விடுகிறது.

ஈரலைச் சமைக்கும் முறை எளிது. சவ்வு நீக்கிச் சிறு துண்டுகளாக்கி, மஞ்சள் இட்ட நீரில் ஒருமுறை அலசி வடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் வெங்காயமும் வதங்கியபின் இஞ்சி பூண்டு, அப்புறம் ஈரல். உட்சிவப்பு மறைந்ததும் இறக்க வேண்டும்; அதற்குமேல் நின்றால் இறப்பராகிவிடும். மிளகுத் தூளும் உப்பும் இறக்கும் தறுவாயில். தேநீரை ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். தட்டில் எடுத்து வைத்ததும், குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருப்பவளை அடுப்பை விட்டு எழுந்து வரச் சொல்லி, முதற்றுண்டை அவளிடம் நீட்டுங்கள்.