திரட்டப்படும் தலைவர்கள்: கென்ஷின் இம்பேக்ட் விளையாட்டில் கதைமாந்தரும் குலுக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

கைப்பேசியில் ஆடப்படும் கற்பனையுலகப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பலவற்றில் தலைவர்கள் கதைமாந்தராகவும் குலுக்கலில் கிடைக்கும் பரிசுப் பொருளாகவும் ஒருங்கே விளங்குகின்றனர். இவ்விரு நிலைகளும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதைச் சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020இல் வெளியிட்ட கென்ஷின் இம்பேக்ட் விளையாட்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. குலுக்கலின் கணக்கு, அதனைப் போர்த்தியுள்ள சொற்கள், ஜோங்லி என்னும் கதைமாந்தரின் வரலாறு ஆகிய மூன்றும் இதன் தரவுகளாகும்.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, காச்சா, நிகழ்தகவு, கதைமாந்தர், இணையவழி எடுத்துரைப்பு

முன்னுரை

பெருங்காப்பிய இலக்கணம் கூறும் தண்டியலங்காரம், அக்காப்பியத்துக்கு ஒப்பற்ற தலைவன் ஒருவன் வேண்டும் என்கிறது. நிகழ்ச்சிகள் பலவாயினும் அவை அவ்வொருவனைச் சுற்றியே கோக்கப்படுகின்றன. தலைவர்களைத் திரட்டும் விளையாட்டு இதற்கு நேர்மாறான அமைப்புடையது. இங்குத் தலைவர்கள் பலர். புதியவர் வந்துகொண்டே இருப்பர். ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஒப்பற்றவராகக் காட்டப்படுவர். ஒருவரை ஒப்பற்றவராக்கும் பொறுப்பு கதையினுடையது. அவரைக் கிடைத்தற்கரியவராக்கும் பொறுப்பு குலுக்கலினுடையது. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே இக்கட்டுரையின் ஆய்வுக்களம்.

விளையாட்டின் அமைப்பு

கென்ஷின் இம்பேக்ட் 2020 செப்டம்பர் 28 அன்று கைப்பேசி, கணினி, பிளேஸ்டேஷன் 4 ஆகியவற்றுக்கு வெளியானது. டெய்வாத் என்னும் கற்பனையுலகமே இதன் களம். அவ்வுலகில் ஏழு நாடுகள், ஏழு பூதங்கள், ஏழு தெய்வங்கள். பிரிந்துபோன உடன்பிறப்பைத் தேடி நாடு நாடாகச் செல்லும் பயணி ஒருவரின் கதையே விளையாட்டின் முதன்மைக் கதை.

போருக்கு நால்வர் கொண்ட குழு வேண்டும். தலைவர் ஒவ்வொருவரும் நீர், தீ, பனி, காற்று, நிலம், மின், பயிர் என்பவற்றுள் ஒன்றை ஆள்வர். நீரும் பனியும் கூடினால் பகைவர் உறைவர். நீரும் தீயும் கூடினால் தாக்குதலின் வலிமை பெருகும். ஆகவே ஒருவரின் ஆற்றல் அவருடன் நிற்பவரைப் பொறுத்தே முழுமை பெறுகிறது. புதிய தலைவர் ஒருவரைப் பெறும்போது பழைய தலைவர்களின் மதிப்பும் மாறுகிறது. திரட்டும் விருப்பத்திற்கு இவ்வமைப்பே முதல் வித்து.

முதன்மைக் கதையை முடிக்க எவரையும் விலைகொடுத்துப் பெறவேண்டியதில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. பயணியும் தொடக்கத்தில் விலையின்றிக் கிடைக்கும் சிலருமே அதற்குப் போதும். அவ்வாறாயின் பணம் செலவிடத் தூண்டுவது தேவை அன்று. கதைமாந்தர்மீது ஏற்படும் ஈடுபாடே எனலாம்.

குலுக்கலின் கணக்கு

இம்முறைக்குக் காச்சா என்று பெயர். காசு போட்டுத் திருகினால் உள்ளிருக்கும் பொம்மைகளுள் ஏதோ ஒன்றை உருண்டையில் அடைத்துத் தரும் ஜப்பானிய இயந்திரத்தின் பெயரிலிருந்து இச்சொல் பிறந்தது. எந்தப் பொம்மை என்பது திருகியவர் கையில் இல்லை.

கென்ஷின் இம்பேக்டில் ஒரு குலுக்கலுக்கு 160 பிரைமோஜெம் செலவாகும். உயர்நிலையாகிய ஐந்து விண்மீன் தலைவர் ஒருவர் கிடைப்பதற்கான அடிப்படை நிகழ்தகவு 0.6 விழுக்காடு. 90ஆம் குலுக்கலுக்குள் ஒருவர் உறுதியாகக் கிடைப்பார். இவ்வுறுதியையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி 1.6 விழுக்காடு என நிறுவனம் அறிவித்துள்ளது.

இவ்வெண்களை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். நிகழ்தகவு 89ஆம் குலுக்கல்வரை 0.6 விழுக்காடாகவே நின்றால், நூற்றுவரில் ஏறத்தாழ 58 பேர் 89 முறை குலுக்கியும் வெறுங்கையராகவே இருப்பர். அந்நிலையில் சராசரி 1.43 விழுக்காட்டளவிலேயே நிற்கும், அறிவிக்கப்பட்ட 1.6 விழுக்காட்டை எட்டாது. எனவே 90ஐ நெருங்கும்போது நிகழ்தகவு இடையிலேயே உயர்கிறது என்பது அறிவிக்கப்பட்ட எண்களிலிருந்தே பெறப்படும் முடிவு. எண்கள் வெளிப்படையாக உள்ளன. அவற்றின் பொருள் வெளிப்படையாக இல்லை.

மேலும், கிடைப்பவர் விரும்பிய தலைவராகவே இருப்பார் என்பதும் உறுதியன்று. முதன்முறை வேறொருவர் வரக்கூடும். அவ்வாறு வந்தால் அடுத்த முறை விரும்பியவர் உறுதி. ஆக, உச்ச அளவு 180 குலுக்கல், அதாவது 28,800 பிரைமோஜெம். 99.99 டாலர் விலையுள்ள பெரிய தொகுதி வழக்கமான மேலதிகத்துடன் 8,080 தரும். முழுவதையும் விலைக்கு வாங்குபவர் நான்கு தொகுதிகள், அதாவது ஏறத்தாழ 400 டாலர் செலவிட வேண்டியிருக்கலாம். விலையின்றிப் பெற வழிகள் பல உண்டு. ஆயின் அன்றாடப் பணிகளால் கிடைப்பது நாளொன்றுக்கு 60 மட்டுமே. அதனை மட்டும் நம்புபவர் உச்ச அளவை எட்ட 480 நாள் ஆகும். ஒரு தலைவர் குலுக்கலில் இடம்பெறுவதோ ஏறத்தாழ மூன்று வாரமே.

வேண்டுதலின் மொழி

இவ்வணிகம் முழுவதும் கதையின் சொற்களாலேயே பேசப்படுகிறது. குலுக்கலைக் குறிக்கச் சீன மூலத்தில் ஆளப்படும் சொல் வேண்டுதல், பிரார்த்தனை என்னும் பொருள் தருவது. குலுக்கலுக்குரிய சீட்டின் பெயர் பின்னிப்பிணைந்த ஊழ் எனப் பொருள்படும். விரும்பிய தலைவர் கிடைப்பது இவ்வாறு கொள்முதலாகத் தோன்றாமல் வேண்டுதல் பலித்ததாகத் தோன்றுகிறது. கிடைக்காமை இழப்பாகத் தோன்றாமல் ஊழ் கூடாமையாகத் தோன்றுகிறது.

விண்மீன் கூட்டம் என்னும் அமைப்பு இதனினும் நுட்பமானது. கதையில் அது ஒருவரது விதி வானில் எழுதப்பட்ட வடிவம். ஆட்டத்திலோ, ஏற்கெனவே பெற்ற தலைவரே மீண்டும் குலுக்கலில் வந்தால் அதன் ஒரு மீன் ஒளிபெறும்; அவர் ஆற்றலும் கூடும். ஆறு மீன்களும் ஒளிர ஒருவரை ஏழுமுறை பெறவேண்டும். கதையில் ஒருவரது தனித்தன்மையைக் குறிக்கும் அடையாளம், வணிகத்தில் அவரது படிகளை எண்ணும் அளவுகோலாகிறது.

ஆடுநர் வழக்கு இப்போர்வையை ஓரளவு விலக்குகிறது. 90ஆம் குலுக்கலின் உறுதியைச் சீன ஆடுநர் அடித்தள உறுதி என்னும் பொருளில் வழங்க, ஆங்கிலம் பேசும் ஆடுநர் இரக்கம் எனப் பொருள்படும் சொல்லால் சுட்டுகின்றனர். முன்னதில் கணக்கும் பின்னதில் எள்ளலும் தொனிக்கின்றன.

ஜோங்லி: ஒரு சான்று

லீயுவே என்னும் நாடு சீனப் பண்பாட்டுச் சாயலில் படைக்கப்பட்டது. ஒப்பந்தத்தை உயிராகப் போற்றுவது. அதன் தெய்வம் மோராக்ஸ். விழா ஒன்றில் மக்கள் கண்முன் அத்தெய்வம் இறந்து வீழ்கிறது. இறுதிச் சடங்குகளுக்குப் பயணியுடன் துணைநிற்பவர் ஈமச்சடங்கு நிலையம் ஒன்றின் ஆலோசகரான ஜோங்லி. அவரே மோராக்ஸ் என்பதும், தாமின்றித் தம் மக்கள் வாழவியலுமா என்று அறியவே இறந்ததுபோல் நடித்தார் என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன. டெய்வாத்தின் நாணயமாகிய மோரா இவர் பெயரால் வழங்குவது. ஆயினும் மனித வடிவில் இவர் கையில் காசு எடுத்துச் செல்ல மறப்பவர். உடன் வருபவரே விலை கொடுப்பர்.

இக்கதையின் இறுதிப்பகுதி 2020 நவம்பர் 11 அன்று வெளியான 1.1 பதிப்பில் இடம்பெற்றது. டிசம்பர் 1 அன்று ஜோங்லி குலுக்கலில் சேர்க்கப்பட்டார். கதை மூன்று வாரம் முந்திச் சென்று ஈடுபாட்டை விதைக்க, குலுக்கல் பின்வந்து அறுவடை செய்தது எனலாம். கதையில் உடன் வந்தவர் அவருக்காகப் பணம் கொடுத்ததுபோல, கதைக்கு வெளியே ஆடுநர் அவருக்காகப் பணம் கொடுத்தனர்.

அதன்பின் நிகழ்ந்ததே இச்சான்றின் சிறப்பு. போரில் ஜோங்லியின் ஆற்றல் எதிர்பார்த்த அளவில் இல்லை என்று ஆடுநர், குறிப்பாகச் சீன ஆடுநர், கடுமையாகக் குறைகூறினர். நிறுவனம் 2021 பிப்ரவரியில் வந்த 1.3 பதிப்பில் அவரது ஆற்றலை உயர்த்தியது.

இக்குறையை விற்பனைப் பொருளின் தரம் பற்றிய புகாராக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. போர்களில் வென்று நிலைத்த தெய்வம் எனக் கதை கூறிய ஒருவர் ஆட்டத்தில் வலுவிழந்து நிற்பது ஆடுநருக்குக் கதைப்பிழையாகவும் தோன்றியது. நிறுவனம் கதையைக் கொண்டு குலுக்கலை விற்றது; ஆடுநர் அதே கதையைச் சான்றாகக் காட்டி ஈடு கேட்டனர். ஒப்பந்தத்தின் தெய்வத்தை முன்னிட்டு எழுந்த பூசல், எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் பற்றியதாகவே அமைந்தது.

சட்டத்தின் தலையீடு

அரசுகள் இதனை நிகழ்தகவு, நுகர்வோர் நலன் என்னும் கோணங்களில் அணுகியுள்ளன. குலுக்கலில் கிடைக்கும் பொருள்களைக் குறிப்பிட்ட தொகுதியாகச் சேர்த்து முடித்தால் அரிய பரிசு தரும் முழுமைக் காச்சா முறையை ஜப்பான் 2012இல் தடுத்தது. நிகழ்தகவுகளை வெளியிடவேண்டும் என்னும் விதி சீனாவில் 2017 மே முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 சனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், இவ்விளையாட்டை அந்நாட்டில் வழங்கும் நிறுவனம் பரிசு வாய்ப்புகள் குறித்தும் உண்மைச் செலவு குறித்தும் சிறுவர் உள்ளிட்டோரைத் தவறாக எண்ணச் செய்ததாகக் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்தவும், 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலின்றிக் குலுக்கல் பரிசுகளை விற்பதில்லை எனவும் இணங்கியது. டாலர் முதலில் கிரிஸ்டலாகி, கிரிஸ்டல் பிரைமோஜெமாகி, பிரைமோஜெம் சீட்டாகும் பலபடி நாணய முறையும் அவ்வழக்கில் கேள்விக்குள்ளானது.

எண்களை வெளியிடச் செய்வது இன்றியமையாதது. ஆயின் 0.6 விழுக்காடு என்பதை அறிந்தவரும் குலுக்குகின்றனர். கதைமாந்தர்மீது கொண்ட ஈடுபாட்டை எந்த அட்டவணையும் குறைப்பதில்லை.

முடிவுரை

திரட்டும் விளையாட்டில் தலைவர் ஒருவரின் கதையும் அவரைப் பெறும் குலுக்கலும் தனித்தனியானவை அல்ல. கதை முன்சென்று விருப்பத்தை உண்டாக்க, குலுக்கல் அவ்விருப்பத்தைச் செலவாக மாற்றுகிறது. வேண்டுதல், ஊழ், விண்மீன் என்னும் சொற்கள் அம்மாற்றத்தை மறைக்கின்றன. ஜோங்லி குறித்த பூசல், கதையே ஆடுநரின் உரிமைச் சான்றாகவும் மாறக்கூடும் என்பதைக் காட்டுகிறது. இவற்றைப் பொழுதுபோக்கு என ஒதுக்காமலும் சூது என ஒரே சொல்லில் அடக்காமலும் எடுத்துரைப்பின் புதிய வடிவமாக அணுகுவது இலக்கிய ஆய்வின் கடமையாகிறது. சிறுவர் ஒருவர் தம் விருப்பத் தலைவருக்காகப் பணம் செலவிடும்போது, அவரை அதற்கு இட்டுச்செல்லும் ஆற்றல்களுள் கதையும் ஒன்று. கதை செயல்படும் முறையை விளக்குவது இலக்கியம் பயில்வோர்க்குரிய பணி.