வச்சிரம்: ஒரு சொல்லின் பல முகங்கள்

திருவான்மியூரில் கதவுநிலைக்கு மரம் வாங்கச் செல்வோர், "வைரம் பாய்ந்த கட்டைதானா?" என்று கேட்பர். நகைக்கடையில் வைரம் என்பது ஒளிவிடும் மணி. பங்காளிகளிடையே வைரம் என்றால் அது தீராப் பகை. ஒரே சொல்லா இத்தனை பொருள் தருகிறது என்னும் ஐயம் மாணவர்க்கு எழுவது இயல்பே.

'வஜ்ர' என்னும் வடசொல் இந்திரன் ஏந்திய இடிப்படையைக் குறிப்பது. வடவெழுத்தை நீக்கி ஏற்கும் தொல்காப்பிய நெறிப்படி தமிழில் அது வச்சிரம் ஆயிற்று. புகார் நகரில் இருந்த வச்சிரக் கோட்டத்தைச் சிலப்பதிகாரம் சுட்டுகிறது. இச்சொல்லின் உறவு பாரசீகத்திலும் உண்டு. பழைய ஈரானிய மொழியின் 'வஸ்ர' என்பதே பின்னர் 'குர்ஸ்' எனத் திரிந்தது. ஃபிர்தௌசியின் ஷாநாமாவில் வீரர்கள் ஏந்தும் தண்டாயுதம் அதுவேயாகும்.

உடையாத படையின் பெயர், உறுதியில் சிறந்த மணிக்கும் ஆயிற்று. பிராகிருத வடிவின் வழியே அது வயிரம், வைரம் என வழங்கலாயிற்று. அரபியில் இம்மணியை 'அல்மாஸ்' என்பர். அதற்கு மூலமான கிரேக்கச் சொல்லும் 'வெல்லற்கரியது' என்றே பொருள்படும். மரத்தின் நடுவே இறுகிய பகுதி வயிரம். தச்சர் பலகைகளை ஒட்டக் காய்ச்சும் பசை வச்சிரம். தளர்வறியா உடல் வச்சிர தேகம். இவை அனைத்திற்கும் உறுதி என்னும் கருத்தே அடிப்படை.

பகையைக் குறிக்கும் வைரமோ வேறு பிறப்பினது. அது 'வீர' என்பதன் அடியாகத் தோன்றிய வடசொல். வைரி என்பதும் அவ்வழியினதே. வைராக்கியம் இவ்விரண்டிற்கும் உறவன்று. பற்றின்மை என்னும் பொருளுடைய அச்சொல், தமிழில் நெஞ்சுறுதியைக் குறிக்கலாயிற்று. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் சொற்கள் உறவாகிவிடா என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

எனினும், உறுதியையும் பகையையும் தமிழர் தம் சொல்லாலேயே முன்பு இணைத்துள்ளனர். மரத்தின் வயிரத்திற்குத் தொல்காப்பியர் ஆளும் சொல் 'காழ்'. அகத்தே காழ் உடையது மரம், புறத்தே காழ் உடையது புல் என்பது மரபியல் காட்டும் பகுப்பு. அக்காழின் அடியாகவே காழ்ப்பு என்னும் சொல் பிறந்தது. கணப்பொழுதில் தோன்றி மறைவது சினம். அது நெஞ்சில் நெடுநாள் தங்கி இறுகினால் காழ்ப்பாகிறது.

மரம் முதிர்ந்து வயிரம் ஏறினால் வீட்டிற்கு நிலையாகும். மனத்தில் பகை வயிரம் ஏறினால் வீடே நிலைகுலையும். உறுதி நம் கொள்கையில் இருக்கட்டும். உறவில் காழ்ப்பு வேண்டா.